இண்டிகா எண்ட பெயரில எந்த இந்தியா?

போன செமஸ்டர் ஸ்டடி லீவில ஒருநாள் இரவு போர்டிங் மொட்டைமாடியில இருந்து கதைச்சுக்கொண்டிருந்தம். பட்ச் பெடியன் ஒருத்தன் போனை நீட்டினான். ஏதோ ஒரு வெளிநாட்டு விதைக் கம்பனியின்ர பக்கம். ஊதா நிறத்தில ஒரு பூவின் படம். கீழ "80 வீதம் இண்டிகா, 20 வீதம் சட்டிவா" எண்டு போட்டிருந்தது. "இண்டிகா எண்டா உடம்பு அப்படியே கட்டிலோட ஒட்டிடும் மச்சான். சட்டிவா எண்டா உசார். இது ஹைப்ரிட், இண்டிகா தான் கூட" எண்டு விளக்கம் வேற. அவன் ஒருநாளும் இதைக் கண்ணால கண்டதில்லை. எல்லாம் யூடியூப் ஞானம்.

எனக்கு அந்த 80 வீதத்தை விட இண்டிகா எண்ட சொல் தான் மண்டைக்குள்ள நிண்டது. இண்டிகா எண்டா லத்தீனில இந்தியாவைச் சேர்ந்தது. எந்த இந்தியா? ஆர் வைச்ச பெயர்? வரலாறு படிக்கிற ஆளுக்கு இப்படி ஒரு கேள்வி வந்தால் நித்திரை வராது (இண்டிகா இல்லாமலே). அடுத்த நாள் லைப்ரரிக்குப் போனன். பரீட்சைக்குப் படிக்க வேண்டிய ஒரு கிழமை இதோட போச்சு.

ஒண்டை முதலே சொல்லிவிடுறன். இது வளர்க்கிற முறை சொல்லித்தாற கட்டுரை இல்லை. எங்கட நாட்டில அது சிறைக்குப் போற விசயம். எங்கட ஊரில எனக்குத் தெரிஞ்ச ஒரு தம்பி, ஏ.எல். எழுத வேண்டிய வயசில, ஒரு பார்சலைக் கைமாத்திக் குடுத்ததுக்காக ரிமாண்டில இருந்திட்டு வந்தவன். பத்திரிகையில அவன்ர செய்திக்குத் தலைப்பு "கேரள கஞ்சாவுடன் இளைஞர் கைது". அந்தக் "கேரள" எண்ட சொல்லும் சேர்ந்து தான் என்னை இதை எழுத வைச்சது.

கதையை எங்கட மண்ணில இருந்தே தொடங்கலாம். ரொபர்ட் நொக்ஸை எல்லாருக்கும் தெரியும். 1660 இல் மூதூர்ப் பக்கம் கொட்டியாரத்தில் பிடிபட்டு, கண்டி அரசில் ஏறத்தாழ 20 வருசம் கைதியாக இருந்த ஆங்கிலேயன். தப்பி ஓட வழி தேடி, வியாபாரி மாதிரி பொருட்களைக் காவிக்கொண்டு வடக்குக் காட்டுப்பக்கம் அவனும் கூட்டாளியும் திரிந்தார்கள். அந்தப் பக்கத்துக் குளத்துத் தண்ணி மோசம். குடிச்சால் காய்ச்சல். கடைசியில் அதுக்கு ஒரு மாற்று மருந்தைக் கண்டுகொண்டதாக 1681 இல் வெளியான தன் புத்தகத்தில் எழுதுகிறான். ஒரு காய்ந்த இலை. போர்த்துக்கேயர் அதை "பங்கா" என்பார்களாம். அதை இடித்து, ஊர்ச் சர்க்கரையோடு சேர்த்து, காலையும் மாலையும் வெறும் வயிற்றில் சாப்பிட்டார்கள். தலை கொஞ்சம் சுற்றும், வேறு ஒன்றும் செய்யாது, அதுக்குப் பிறகு வருத்தமும் வரவில்லை என்கிறான். தண்ணியில் இருந்த கிருமியை அந்த இலை கொன்றிருக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனால் அந்தக் காட்டுக்குள் இருந்த சனத்துக்கு அந்த இலையைத் தெரிந்திருந்தது, மருந்தாகவே தெரிந்திருந்தது என்பதுக்கு இது சாட்சி.

1679 ஒக்டோபரில் நொக்ஸ் அனுராதபுரத்தைத் தாண்டி, நாங்கள் அருவி ஆறு எண்டு சொல்லுற மல்வத்து ஓயாக் கரையோடு இறங்கி, மன்னாரில் அரிப்புக் கோட்டையில் ஒல்லாந்தரிடம் போய்ச் சேர்ந்தான். லண்டனில் அவனுக்குக் கிடைத்த நண்பர் ரொபர்ட் ஹூக். ஓ.எல். விஞ்ஞானப் புத்தகத்தில் தக்கையை நுணுக்குக்காட்டியில் பார்த்து "கலம்" எண்டு பெயர் வைச்சாரே, அதே ஹூக். நொக்ஸின் புத்தகத்துக்கு முன்னுரை எழுதியதும் அவர் தான். 1689 டிசம்பரில் ரோயல் சொசைட்டியில் ஹூக் இந்தச் செடியைப் பற்றி ஒரு உரை நிகழ்த்தினார். தின்றவன் சிரிப்பான், பாடுவான், பிறகு நித்திரையாகிவிடுவான், எழும்பினதும் நல்ல பசி எடுக்கும் என்று நண்பர் சொல்லக் கேட்டதைச் சொல்கிறார். மருந்தாகப் பயன்படலாம் என்றும் சொல்கிறார். அதாவது ஆங்கிலத்தில் இந்தச் செடிபற்றிய முதல் விஞ்ஞான உரைகளில் ஒன்றுக்கு மூலத் தகவல் போனது எங்கட வன்னிக் காட்டில் இருந்து. இதை நான் பள்ளிக்கூடத்தில ஒரு இடத்திலயும் படிக்கேல்லை.

அதே காலத்தில் பாக்கு நீரிணைக்கு அங்கால, கொச்சியில் ஒல்லாந்தத் தளபதியாக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீடே மலபாரின் செடிகளையெல்லாம் தொகுப்பித்து "ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்" என்ற பெரும் நூலை வெளியிட்டார். 12 தொகுதிகள், 1678 முதல் 1693 வரை. அதன் பத்தாம் தொகுதியில் இந்தச் செடி இரண்டு பெயரில், இரண்டு படமாக வருகிறது. ஒன்று கலெங்கி கஞ்சாவு, மற்றது செறு கஞ்சாவு. உண்மையில் இரண்டும் ஒரே செடி தான். பப்பாசி மாதிரி கஞ்சாவிலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பார்வைக்கும் வித்தியாசம், பாவனைக்கும் வித்தியாசம் என்பதால் இரண்டு பெயர். பெயர்க் குழப்பம் அன்றைக்கே தொடங்கிவிட்டது.

1753 இல் சுவீடன்காரர் லினேயஸ் உலகத்துச் செடிகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் வைத்தபோது இதுக்கு வைத்தது கனபிஸ் சட்டிவா. சட்டிவா எண்டால் பயிரிடப்படுவது, அவ்வளவு தான். அவருக்கு நன்றாகப் பழக்கமானது ஐரோப்பாவில் கயிறும் பாய்த்துணியும் செய்ய வளர்த்த சணல். உசார், துள்ளல் எண்டு இண்டைக்குச் சொல்லுற எந்த அர்த்தமும் அந்தப் பெயரில் இல்லை.

இனித் தான் இண்டிகா. பியர் சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் 1774 முதல் 1781 வரை இந்தியாவிலும் சீனாவிலும் சுற்றினார். பாண்டிச்சேரிப் பக்கம் நிறைய நாள் இருந்தார். தமிழ்நாட்டுக் காட்டுக்கோழிக்கு விஞ்ஞானப் பெயரில் அவருடைய பெயர் தான் ஒட்டியிருக்கிறது. (எங்கட நாட்டுக் காட்டுக்கோழிக்கு லபாயெற் எண்ட இன்னொரு பிரெஞ்சுக்காரன்ர பெயர். கோழிக்குக் கூட நாங்கள் பெயர் வைக்கேல்லை.) அவர் இந்தியாவில் இருந்து அனுப்பிய காய்ந்த மாதிரியைப் பார்த்து, பரிஸில் இருந்த லமார்க் 1785 இல், இது லினேயஸின் சட்டிவா இல்லை, வேறு இனம் என்று முடிவு கட்டி, கனபிஸ் இண்டிகா என்று பெயர் வைத்தார். ஒட்டகச்சிவிங்கி கழுத்து நீண்ட கதையால ஏ.எல். பயோ பெடியளுக்குத் தெரிஞ்ச லமார்க் தான்.

லமார்க் சொன்ன அடையாளங்களைக் கவனியுங்கோ. ஐரோப்பியச் சணலை விட ஒடுக்கமான இலை. தண்டு உறுதி, ஆனால் பட்டை மெல்லிசு, அதால் நார் எடுக்க உதவாது. சாறு குடித்தால் வெறி, கவலை மறந்து சந்தோசம். ஒடுக்கமான இலை என்பதை மனதில் வைத்திருங்கோ. இந்தக் கட்டுரையே அந்த இலையின் அகலத்தில் தான் நிற்கிறது.

பிறகு அந்தப் பெயரைப் புத்தகத்தில் இருந்து கடைக்குக் கொண்டுபோனது ஒரு ஐரிஷ் வைத்தியர். வில்லியம் புரூக் ஓஷோனசி, கல்கத்தா மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர். 1839 இல் அவர் வாசித்த கட்டுரையில் ஏற்புவலி, நீர்வெறுப்பு, வாந்திபேதி நோயாளிகளுக்குக் கஞ்சாப் பிசின் கொடுத்துப் பார்த்த அனுபவம் இருக்கிறது. ஏற்புவலிக்கு வலிப்பைத் தணிக்கிறது, நீர்வெறுப்பில் உயிரைக் காக்காது, சாவின் வேதனையைக் குறைக்கிறது என்று நேர்மையாக எழுதினார். அவருக்கு முன்னமே எங்கட வைத்தியர்மார் இதை அறிந்திருந்தார்கள். சித்தர் மரபில் இது கோரக்கர் மூலி. ஓஷோனசியும் உள்ளூர் வைத்தியர்களிடம் கேட்டுப் படித்ததை மறைக்கவில்லை. அவர் லண்டனுக்குக் கொண்டுபோனதில் இருந்து பீற்றர் ஸ்குவையர் என்ற மருந்துக்கடைக்காரர் வடிசாறு தயாரித்தார். அதுக்குப் பிறகு ஒரு நூற்றாண்டுக்கு ஐரோப்பிய, அமெரிக்க மருந்துப் போத்தல்களில் "கனபிஸ் இண்டிகா" என்ற லேபல் இருந்தது. அமெரிக்க மருந்து நூலில் 1850 இல் ஏறி 1942 இல் இறங்கியது. அந்த நூறு வருசமும் இண்டிகா என்றால் இந்தியக் கஞ்சா என்று மட்டும் தான் பொருள்.

அந்த இந்தியக் கஞ்சாவை ஆர் வளர்த்தார்கள்? இந்த இடத்தில தான் நான் லைப்ரரியில் இரண்டு நாள் மாட்டிக்கொண்டது. வங்காளத்தில் ராஜசாஹிப் பக்கம், இப்போது பங்களாதேசில் இருக்கிற நவ்காவ்ன் என்ற இடம். பிரித்தானிய அரசு லைசென்ஸ் கொடுத்த விவசாயிகள் மட்டும், அரசு குறித்த பகுதிக்குள் மட்டும் வளர்த்தார்கள். அறுவடை முழுதும் நிறுத்து, அரசுக் களஞ்சியத்தில் பூட்டி, வரி கட்டிய பிறகு தான் வெளியே போகும். 1893 இல் டேவிட் பிரெய்ன் என்ற தாவரவியலாளர் இதைப் பற்றி ஒரு அறிக்கை எழுதினார். அதில் "பொத்தார்" அல்லது "பரக்தார்" எனப்படும் ஆட்கள் வருகிறார்கள். வெள்ளைக்காரன் அவர்களுக்கு வைத்த பெயர் கஞ்சா டொக்டர். வேலை என்னவென்றால், செடி வளர்ந்து பூ வரப்போகும் நேரம் வயலுக்குள் வரிசை வரிசையாக நடந்து, ஆண் செடிகளை அடையாளம் கண்டு விழுத்துவது. பின்னால் வருகிற விவசாயி அதைப் பிடுங்கி எறிவான். ஒரு ஆண் செடி தப்பினாலும் மகரந்தம் பறந்து பெண் பூவெல்லாம் விதை பிடித்துவிடும். விதை பிடித்தால் பிசின் குறையும், விலை விழும். ஒரு ஊரின் வருச உழைப்பு முழுக்க அந்த ஆளின் கண்ணில் தங்கியிருந்தது. 1970களில் கலிபோர்னியாவில் விதையில்லாக் கஞ்சாவைப் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி கொண்டாடினார்கள். நவ்காவ்ன் விவசாயி கூலி கொடுத்துச் செய்வித்த வேலை அது. அந்தப் பொத்தார் ஒருவரின் பெயராவது எங்கேயாவது இருக்குமா எண்டு தேடினன். நான் புரட்டின பக்கங்களில ஒண்டும் இல்லை. விதைக் கம்பனிக்காரர் பெயர் எல்லாம் இருக்கு.

அதே 1893 இல், கஞ்சா சனத்தைப் பைத்தியமாக்குகிறது என்று லண்டன் பாராளுமன்றத்தில் எழுந்த கேள்வியால் இந்திய சணல் போதைப்பொருள் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. 1,193 பேரிடம் சாட்சி எடுத்து, மூவாயிரம் பக்கங்களுக்கு மேல் எழுதினார்கள். எனக்குப் பிடித்தது பைத்தியசாலைப் பகுதி. கஞ்சாவால் பைத்தியம் என்று பதிவேட்டில் இருந்தவர்களின் வழக்கை ஒவ்வொன்றாகத் தோண்டிப் பார்த்தால், பலதில் அந்தக் காரணத்தை எழுதினது கூட்டிவந்த பொலிஸ்காரன். காரணம் என்ன என்ற கட்டத்தை நிரப்ப வேண்டும், கஞ்சா என்று போட்டுவிட்டான். மிதமான பாவனை பெரிய தீங்கில்லை, அளவு மீறினால் தீங்கு, தடை வேண்டாம் வரி போதும் என்று 1894 இல் முடிவு சொன்னார்கள். வரி வருமானம் அரசின் மனதில் இருக்கவில்லை என்று சொல்ல நான் அவ்வளவு அப்பாவி இல்லை. ஆனாலும் அந்தக் கட்டம் நிரப்பின பொலிஸ்காரனை இண்டைக்கும் எங்களுக்குத் தெரியும்.

இப்ப வடமேற்கே போவம். இந்துகுஷ் மலைக்கு அந்தப் பக்கம், ஆப்கானிஸ்தானில் வேறு மாதிரியான ஒரு செடி. ஆளுயரம் வாறதே பெரிசு. புதர் மாதிரிக் கட்டை, கரும்பச்சை நிறம், விரல்கள் ஒன்றையொன்று முட்டுகிற அளவு அகலமான இலை. குளிர் வறண்ட மலைநாடு, பயிர்க்காலம் குறைவு. பனி விழ முதல் பூத்து முடிக்க வேண்டும். மசார் இ ஷரீப் பக்கத்து விவசாயிகள் காய்ந்த செடியைத் துணியில் அரித்து, விழுகிற பிசின் தூளை அமத்தி ஹஷீஷ் செய்தார்கள். தலைமுறை தலைமுறையாகப் பிசின் கூடின செடியின் விதையை எடுத்து வைத்ததில் உருவானது தான் அந்த இனம். ரஷ்யத் தாவரவியலாளர் வவிலோவ் 1924 இல் ஆப்கானிஸ்தானைக் கடந்து திரிந்தபோது இந்தச் செடிகளைப் பார்த்து, 1929 இல் வெளியான நூலில் இந்தியச் செடியில் இருந்து பிரித்து, ஆப்கான் பெயர் கொடுத்தே வகைப்படுத்தினார். உலகத்துப் பயிர் விதையெல்லாம் சேர்த்த அந்த மனுசன் 1943 இல் ஸ்டாலினின் சிறையில் பட்டினியால் செத்தது வேறு கதை. அவர் வைத்த பெயர் நிலைத்திருந்தால் இண்டைக்கு என்ர பட்ச் பெடியன் "80 வீதம் ஆப்கானிக்கா" எண்டு சொல்லியிருப்பான்.

அது நிலைக்காமல் போனதுக்குக் காரணம், நம்புவீங்களோ தெரியாது, அமெரிக்க நீதிமன்றம். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கச் சட்டத்தில் தடைசெய்யப்பட்டது "கனபிஸ் சட்டிவா" என்று எழுதியிருந்தது. சட்டத்தரணிகள் ஒரு ஓட்டையைக் கண்டார்கள். என்னுடைய கட்சிக்காரனிடம் பிடிபட்டது சட்டிவா தான், இண்டிகா இல்லை என்று பொலிஸ் நிரூபிக்கட்டும். காய்ந்து தூளான பின் அதை எவனாலும் நிரூபிக்க முடியாது. தாவரவியலாளர்கள் இரண்டு பக்கமும் சாட்சிக்கூண்டில் ஏறினார்கள். ஹாவர்ட்டின் ரிச்சர்ட் ஈவன்ஸ் சுல்ட்ஸ் ஆப்கானிஸ்தானுக்கே போய் அந்தக் கட்டைச் செடிகளைப் பார்த்துவிட்டு, 1974 இல் மூன்று இனம் உண்டு என்று எழுதினார்: உயர்ந்தது சட்டிவா, கட்டையும் அகல இலையும் இண்டிகா, மூன்றாவது ரூடராலிஸ். கனடாவின் ஏர்னஸ்ட் ஸ்மோல் மறுபக்கம், எல்லாம் ஒரே இனம் என்றார். நீதிமன்றங்கள் பெரும்பாலும் ஓட்டையை அடைத்துவிட்டன. ஆனால் சுல்ட்ஸ் குழுவின் அந்தப் பிரிப்பு வெளியே தப்பி வந்துவிட்டது.

இப்ப லமார்க்கின் ஒடுக்கமான இலைக்கு வருவம். 1785 இல் இந்தியாவில் இருந்து போன ஒடுக்க இலைச் செடிக்கு வைத்த பெயரை, 1974 இல் ஆப்கானின் அகல இலைச் செடிக்குப் போட்டார்கள். அப்ப கேரளம், வங்காளம், இங்கேயிருந்து ஒப்பந்தக் கூலிகளோடு 1845 முதல் ஜமெய்க்கா போனது, எல்லாத்துக்கும் என்ன பெயர்? உயரம், ஒடுக்க இலை, எனவே சட்டிவா. உண்மையான இந்தியச் செடி இண்டிகா இல்லையாம். அதைத் தமிழில் கஞ்சா எண்டும் ஜமெய்க்காவில் கான்ஜா எண்டும் சொல்லுற சொல் மட்டும் பழைய ஊரை ஞாபகம் வைச்சிருக்குது.

மிச்சம் வியாபாரம். ஐரோப்பாவில் இருந்து காபூல் வழியாகக் காத்மாண்டு போன ஹிப்பிப் பாதையில் திரும்பியவர்களின் பைகளில் ஆப்கான் விதைகள் போயின. ஆப்கான் மன்னராட்சி 1973 இல் விழுந்தது, 1979 இல் ஈரான் புரட்சியும் சோவியத் படையெடுப்பும் பாதையையே மூடின. விதை மட்டும் கலிபோர்னியாவில் இருந்தது. அங்கே ஏற்கனவே மெக்சிக்கோ, கொலம்பிய வெப்பநாட்டுச் செடிகளை வளர்த்துப் பார்த்தவர்களுக்கு ஒரே தலையிடி: அவை உயரம் போய்க்கொண்டே இருக்கும், பூக்க முதல் குளிர் வந்துவிடும். ஆப்கானோடு கலந்தால் கட்டை, கெதியாகப் பூக்கும், பொலிஸ் ஹெலிகொப்டருக்குப் பயந்து வீட்டுக்குள் லைற்றின் கீழும் வளர்க்கலாம். ஆப்கான், மெக்சிக்கோ, கொலம்பிய மூன்றும் கலந்தது தான் ஸ்கங்க். பெரும்பாலும் ஆப்கான் இரத்தம் என்று சொல்லப்படுவது நோர்தேர்ன் லைற்ஸ். 1980களில் இரண்டும் ஒல்லாந்துக்குப் போய், விதைக் கட்டலொக்கில் ஏறின. இண்டைக்குச் சந்தையில் இருக்கிற "இண்டிகா கூடின ஹைப்ரிட்" எல்லாம் ஏதோ ஒரு வழியில் இந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்.

அப்ப அந்த 80 வீதம்? 2015 இல் கனடா ஆய்வாளர்கள் 81 கஞ்சா மாதிரிகளையும் 43 சணல் மாதிரிகளையும் மரபணுவில் ஒப்பிட்டார்கள். விற்பனைப் பெயரில் இருக்கிற வீதமும் மரபணுவும் அரைகுறையாகத் தான் பொருந்தின. நூறு வீதம் சட்டிவா என்று சொல்லப்பட்ட ஒரு ஜமெய்க்கா மாதிரி, நூறு வீதம் இண்டிகா என்று சொல்லப்பட்ட ஒரு ஆப்கான் மாதிரியோடு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. ஆளை நித்திரையாக்குறது லேபல் இல்லை, ரி.எச்.சி. எவ்வளவு, வேறு என்ன எண்ணெய்ச் சேர்மங்கள், குடிக்கிறவன் ஆர், எவ்வளவு எடுத்தான் எண்ட கணக்கு. பழைய செடிகளை விட இந்தப் புதுக் கலப்புகளில் ரி.எச்.சி. பல மடங்கு. அளவு கூடினதை இளவயசில அடிக்கடி எடுத்தால் மனநோய் ஆபத்து கூடும் எண்டுறதையும் ஆய்வுகள் சொல்லுது. 1894 ஆணைக்குழுவின் முடிவை இண்டைய சரக்குக்கு அப்படியே தூக்கிப் பொருத்தேலாது. அதைத் தான் நான் அந்தப் பெடியனுக்கு முதல்ல சொன்னது.

எங்கட பக்கம் என்ன நடக்குது? 1929 ஆம் ஆண்டின் நஞ்சுகள், அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டம் தான் இண்டைக்கும் அடிப்படை. ஆயுர்வேதத்துக்கு ஒரு கதவு திறந்திருக்குது. தணமல்வில சேனைகளில் களவாக வளர்த்ததைப் பொலிஸ் நெருப்பு வைக்கிற படம் வருசா வருசம் வரும். 2022 நவம்பர் வரவு செலவுத்திட்டத்தில், ஏற்றுமதிக்காகக் கஞ்சா வளர்க்கலாமா எண்டு ஆராயப்போறதாக அரசே சொன்னது. டொலர் தேவைப்பட்டால் செடியின்ர குணமும் மாறும் போல. வடக்கில் கரையொதுங்கிற பொதி எல்லாத்துக்கும் "கேரள கஞ்சா" எண்டு தான் பெயர். கேரளாவில் இடுக்கி மலைச் செடிக்கு ஒருகாலம் பெயர் இருந்தது உண்மை. ஆனால் இப்ப தென்னிந்தியாவில் பிடிபடுறதில பெரும்பங்கு ஆந்திரா, ஒடிசா எல்லை மலைகளில் இருந்து வருகிறது. பத்திரிகைக்கு அது தேவையில்லை. ஒரு கட்டம் இருக்கு, நிரப்ப வேணும்.

அந்தத் தம்பியிட்ட போன மாசம் கேட்டன், பார்சலுக்குள்ள என்ன இருந்தது, எங்க இருந்து வந்தது எண்டு ஏதும் தெரியுமோ எண்டு. "கடலால வந்தது அண்ணை" எண்டான். எந்தக் கரை எண்டு கேட்டன். அரிப்புப் பக்கமாம்.